பட்டியலில் ஐந்தாவது பெயர்

மூன்று மணிக்கு வருகிறேன் என்று மயில்சாமி சொன்னால் மூன்றரை என்று வைத்துக்கொள்ள வேண்டும், மூன்றரை தாண்டினால் என் மகள் நித்திலாவின் பள்ளி வேன் வந்துவிடும், வேன் வருகிற நேரம்தான் அவனும் வருகிற நேரம். இப்போது இரண்டு நாற்பது. மயில்சாமி புது ரூட்டரை அட்டைப்பெட்டியோடு கொண்டுவந்து, பழையதைக் கழற்றவா வேண்டாமா என்று கேட்பதற்குள் நான் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். நான்கு நாளாக வராத முடிவு இந்த ஐம்பது நிமிடத்தில் வரும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. பழைய ரூட்டர் அதுபாட்டுக்கு ஃப்ரிட்ஜ் மேல் உட்கார்ந்திருக்கிறது. வெள்ளை டப்பா, வெயிலும் வயதுமாகப் பழுப்பேறிவிட்டது, இரண்டு ஆன்டெனாக் கொம்பு, ஒரு கொம்பு ஒடிந்து கறுப்பு டேப் சுற்றியிருக்கிறது. மூன்று பச்சை விளக்கு நிலையாக எரிகிறது, நான்காவது மட்டும் சிமிட்டுகிறது. சிமிட்டினால்தான் ஓடுகிறது என்று அர்த்தமாம். முன்பெல்லாம் அதைப் பார்க்கவே மாட்டேன், வீட்டில் யார் ரூட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், இப்போது சோறு வடிக்கும்போதும் ஒரு கண் அதன் மேல்தான், ஒரு தடவை கஞ்சி கையில் கொட்டிவிட்டது.

எல்லாம் அந்தப் பட்டியலால் வந்தது. நான் ஒரு மோட்டார் பம்பு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே புகார் வாங்குகிற வேலை பார்க்கிறேன், ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் திருப்பூரிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் விவசாயிகள் பேசுவார்கள். பேச்சு நடுவில் அறுந்து அறுந்து போனது. மேலாளர் பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள், இந்த வாரத்துக்குள் நெட்டைச் சரிசெய்யவில்லை என்றால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று சிரித்த முகம் போட்டுச் செய்தி அனுப்பினாள். மயில்சாமியைக் கூப்பிட்டேன். எங்கள் பகுதி லைன் எல்லாம் அவர் கையில்தான். அவர் வந்து பார்த்துவிட்டு, பொட்டி பழசுங்க அம்மிணி, அதுவுமில்லாம அக்கம்பக்கத்துல யாராச்சும் உங்க நெட்ட உறிஞ்சறாங்களான்னு பாருங்க என்று என் போனிலேயே ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தார். அதைத் திறந்தால் இந்த ரூட்டரில் சேர்ந்திருக்கிறவர்கள் பட்டியல் வரும், பழைய வருகைகளும் நேரத்தோடு கிடக்கும். என் போன், ஆபீஸ் லேப்டாப், டிவி, நித்திலா பாடம் படிக்கிற டேப். நான்கு. ஐந்தாவதாக ஒன்று. பூபதி போன். நான் விட்டுவிட்டு வந்த புருஷனின் போன். செவ்வாய் மூன்று ஐம்பத்தெட்டிலிருந்து நான்கு ஆறு வரை. திங்கள் நான்கு மணியிலிருந்து நான்கு ஒன்பது வரை. முந்தைய வாரமும் இப்படியே. நான் மயில்சாமியிடம் சரிங்க, பாத்துக்கறேன் என்றேன். அவர் போனபின் கதவைத் தாழ் போட்டு, மேல் தாழும் போட்டு, சமையல்கட்டுப் பின்கதவையும் போட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினான்கு மாதமாக இந்த ஊரில் இந்த விலாசம் அவனுக்குத் தெரியாது என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். நல்லவேளை, அந்தத் தூக்கமாவது தூங்கினேன்.

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவள் நான்தான், அதை யார்மேலும் போட முடியாது. ஈரோட்டு வீட்டைவிட்டு வந்த அன்றைக்கு அண்ணன் டெம்போவோடு கீழே நின்றுகொண்டு, சீக்கிரம் வாணி சீக்கிரம் என்கிறான், நான் குழந்தை துணி, சர்டிபிகேட், குக்கர் என்று அள்ளிப் போடுகிறேன், அந்த அவசரத்திலும் ரூட்டரைப் பிடுங்கி ஒயரைச் சுற்றித் துண்டில் பொதிந்து எடுத்து வந்தேன். எதற்கு? இருக்கிற பொருளை வீணாக்குவானேன் என்கிற புத்தி, அம்மா வீட்டிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த புத்தி. தாலியைக் கழற்றிக் கொடியில் தொங்கிய அவன் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு வந்தவள் ரூட்டரை எடுத்துக்கொண்டு வந்தேன். இங்கே சிங்காநல்லூர் மாடி வீட்டில் புது லைன் வாங்கியபோதும், புதுப் பெயர் போடலாமுங்ளா என்று மயில்சாமி கேட்டார், வேண்டாமுங்க, பேரும் பாஸ்வேர்டும் அப்படியே இருக்கட்டும், போன் எல்லாம் தானாகச் சேர்ந்துகொள்ளும் என்றேன். தானாகவே சேர்ந்துகொண்டுவிட்டது. ரூட்டரின் பெயர் பூபதி இல்லம். பதினான்கு மாதமாக நான் பூபதி இல்லத்துக்குள்தான் சமைத்திருக்கிறேன், துவைத்திருக்கிறேன், தலைமுழுகியிருக்கிறேன். அவன் போனுக்கு இந்த வீடு தெரியும். அதன் கணக்கில் இது அதன் வீடு. வாசல் பக்கம் வந்தாலே, அவன் பையிலிருந்தே, யாரையும் கேட்காமல் உள்ளே வந்துவிடும்.

சொல்லுங்க சார், வணக்கம், உங்க புகார் எண் இருக்குங்களா. மூன்று மணி. காங்கயத்துப் பக்கத்து ஆள், பெரியவர் குரல். மோட்டார் ஓடுதுங் அம்மிணி, சத்தம் எல்லாம் நல்லா வருதுங், தண்ணிதான் ஏற மாட்டேங்குது. எத்தனை நாளா சார்? நாலு நாளாச்சுங். எனக்கும் நான்கு நாள்தான் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. எதிரே இருக்கிற தாளைப் பார்க்காமலே வரும் பதில் இது, தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன், மோட்டார் ஓடித் தண்ணி வரலைன்னா மோட்டார்ல கோளாறு இல்லீங்க சார், உள்ள போற குழாய்ல எங்கயோ காத்து வாங்குது, கிணத்துக்குள்ள அடியில இருக்கிற வால்வக் கழட்டிப் பாருங்க. அவர் நம்பவில்லை. மேல பாத்துட்டனுங், ஒரு ஓட்டையும் இல்லீங். மேல இருக்காதுங்க சார், உள்ளதான் இருக்கும், இறங்கிப் பாக்கணும். ஆட்டுமுங், பாக்கறேன் என்று வைத்துவிட்டார். நல்லவேளை, லைன் அறுந்து போகவில்லை. பட்டியலைத் திறந்தேன். நான்கு பேர். மூடினேன். திரும்பத் திறந்தேன். நான்கு பேர்.

பூபதி கத்துகிற ஆள் இல்லை, அதுதான் யாருக்கும் புரியவில்லை. கத்தினால் அக்கம்பக்கம் கேட்டிருக்கும். அவன் கேள்வி கேட்பான். மெதுவாக, வாஞ்சையாக. பால்காரர் ஏன் இன்னைக்கு லேட்டு? நீ ஏன் ஈரத்தலையோட கதவத் திறந்தே? போன்ல மூணு நிமிஷம் யாரு? பதில் சரியாக இருந்தாலும் அடுத்த கேள்வி வரும், சரியான பதில் என்று ஒன்று கிடையவே கிடையாது, அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஐந்து வருடம் ஆனது. நித்திலா பேசத் தொடங்கியதும் என்னைக் கேட்பதை விட்டுவிட்டான். சாயங்காலம் வந்தவுடன் அவளை மடியில் வைத்துக்கொண்டு, என்ர தங்கம், இன்னைக்கு நம்ம வீட்டுக்கு யாரு வந்தா, அம்மா என்ன பண்ணுனாங்க, எங்க நின்னாங்க? ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு தேன்மிட்டாய். மூன்று வயசுக் குழந்தை என்னத்தைக் கண்டது, விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணிச் சொல்லும், காய்காரப் பாட்டி, கேஸ் மாமா, அம்மா ஜன்னல்கிட்ட நின்னாங்க. கேஸ் போடுகிறவர் பெயர் தெரியவில்லை என்றால் மிட்டாய் கிடையாது. அதனால் அவள் எல்லோரிடமும் பெயர் கேட்பாள். எவ்வளவு கெட்டிக்காரக் குழந்தை என்று வந்தவர்கள் கன்னத்தைக் கிள்ளுவார்கள். ஒருநாள் கேஸ் மாமா பெயரைச் சொல்லிவிட்டாள், நான் தண்ணீர் கொடுத்ததையும் சொல்லிவிட்டாள், அன்றைக்குத்தான் அவன் கையிலிருந்த போன் என் காதோரமாகப் பறந்து சுவரில் அடித்தது. மூலைக் கண்ணாடி உடைந்தது, போன் சாகவில்லை. அதை மேசை டிராயரில் போட்டுவிட்டு மறுநாளே வேறு வாங்கினான். புதுசுக்கும் அதே பெயர்தான் வைத்தான், பூபதி போன். தன் பெயரை எழுதாமல் அவன் ஒரு சீப்பைக்கூட வைத்திருந்ததில்லை.

சரி, மாற்றிவிட்டால்? அண்ணன் அதைத்தான் சொல்கிறான், இதுல யோசிக்கறக்கு என்ன இருக்குது, கழட்டிக் குப்பையில வீசு. அவனுக்கு எல்லாமே கழற்றி வீசுகிற விஷயம். மாற்றினால் அவன் போன் உள்ளே வராது, உண்மை. ஆனால் போன் வராததால் அவன் வராமல் இருந்துவிடுவானா? பூனை கண்ணை மூடிக்கொண்ட கதை. இப்போது அவன் வந்தால் எனக்குத் தெரிகிறது. மூன்று ஐம்பத்தெட்டு என்று தெரிகிறது, எட்டு நிமிடம் நின்றான் என்று தெரிகிறது. ரூட்டரை மாற்றிவிட்டால் அவன் தெருவில் ஒரு மணி நேரம் நின்றாலும் தெரியாது. பாம்பு எந்தப் பொந்தில் இருக்கிறது என்று காட்டுகிற விளக்கை நானே ஊதி அணைக்கிற மாதிரி. அதைவிட இன்னொன்று. திடீரென்று அவன் போன் சேரவில்லை என்றால் அவனுக்குப் புரிந்துவிடும், வாணிக்குத் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் என்ன செய்வான்? கேள்வி கேட்கக் கிளம்பி மேலே வருவான். வக்கீலம்மாவைக் கேட்டேன், அவசரப்பட்டு மாத்திடாதீங்க, தினமும் போட்டோ எடுத்து வைங்க, அது ஆதாரம் என்கிறார். அவருக்கு ஆதாரம், எனக்கு வாசலில் நிற்கிற ஆள். மேலாளர் பெண்ணுக்கு வெள்ளிக்கிழமைக்குள் புது ரூட்டர். ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள், நடுவில் நான் ஃப்ரிட்ஜைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மாற்றலாம். வேண்டாம். மாற்றினால் வேலை மிஞ்சும். மாற்றாவிட்டால் அவன் வருவது தெரியும். தெரிந்து என்ன செய்தேன் இந்த நான்கு நாளாக? வேன் வந்ததும் ஓடிப்போய்க் குழந்தையை இழுத்துக்கொண்டு வந்து, கேட்டைப் பூட்டி, கதவைத் தாழ் போட்டு, ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்த்தேன். அவ்வளவுதான். தெரிந்தும் அவ்வளவுதான்.

எங்கேதான் நிற்கிறான்? எதிரே தையல் கடை, அதில் மிஷின் ஓட்டுகிற இரண்டு பெண்கள். பக்கத்தில் புங்க மரம், மரத்தடியில் எப்போதும் ஒரு பழைய வேன், அதன் சக்கரத்தடியில் நாய் படுத்திருக்கும். நேற்று ஹெல்மெட் போட்ட ஒருவன் மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுப் போன் பார்த்துக்கொண்டிருந்தான், ஹெல்மெட்டைக் கழற்றினால் யாரோ ஒரு பையன், உணவு கொண்டுவருகிறவன். அரண்டவன் கண்ணுக்கு எல்லாம் பேய்தான். ஆனால் பட்டியல் அரளாது, அது எழுதி வைத்திருக்கிறது. அவன் எங்களை எப்படிக் கண்டுபிடித்தான் என்பதுகூடத் தெரிந்துவிட்டது. மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை கோர்ட்டில் குழந்தைகள் அறையில் இரண்டு மணி நேரம் அவன் நித்திலாவைப் பார்க்கலாம். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். போன முறை ஒரு பெரிய கலர் பென்சில் டப்பா வாங்கிவந்து கொடுத்தான், இரண்டு தட்டு வைத்த தகர டப்பா, குழந்தை அதைத் தரையில் வைக்க மாட்டேன் என்கிறாள், பள்ளிக்கும் அதுதான், சாப்பாட்டு மேசைக்கும் அதுதான். அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கள்தான் பட்டியலில் முதல் வருகை. கோர்ட்டிலிருந்து எங்கள் பஸ்ஸின் பின்னாலேயே வந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை, ஞாயிறு அண்ணன் இங்கே இருப்பான், அதையும் தெரிந்து வைத்திருக்கிறான். வேன் வந்து ஐந்தாறு நிமிடம் கழித்துத்தான் ஒவ்வொரு நாளும். குழந்தை இறங்குவதைப் பார்க்க வருகிறான். மகளைப் பார்க்க ஆசை இருக்காதா என்று ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. அந்த நொடியை நினைத்தால் இப்போது பயமாக இருக்கிறது, இப்படித்தான் ஒன்பது வருடம் போனது.

மணி அடித்தது. நான் அசையவில்லை. மறுபடி அடித்தது. "மயில்சாமிங் அம்மிணி. லேட்டாயிப்போச்சு, கோவிச்சுக்காதீங்க." மூன்று முப்பத்தைந்து. கதவின் சங்கிலியைக் கழற்றாமல் முகத்தைப் பார்த்து, பின்னால் யாரும் இல்லை என்று பார்த்து, அப்புறம்தான் திறந்தேன். அவர் அட்டைப்பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தார். தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். ஓர் ஆம்பளைக்குத் தண்ணீர் கொடுக்கும்போது இன்னும் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன், என்ன ஜென்மம் இது. "மாத்தீரலாமுங்ளா?" என்றார். நான் வேறு கேட்டேன். இந்த நான்கு நாளில் இதைக் கேட்க ஏன் தோன்றவில்லை?

"ஏனுங்க, இந்த சிக்னல் தெருவுல எதுவரைக்கும் கிடைக்கும்? அந்தப் புங்க மரம் வரைக்கும் வருங்களா?"

அவர் சிரித்தார். "மரத்துக்கா? அட நீங்க வேற. கொம்பு வேற ஒடஞ்சு கெடக்குது. இருங்க, பாத்தே சொல்லிப்போடறேன்." தன் போனில் பாஸ்வேர்டை ஏற்றிக்கொண்டு வாசலுக்குப் போனார், படியில் இறங்கினார், நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன், கேட் வரை போனார், கேட்டுக்கு வெளியே ஓர் அடி வைத்தார், நின்றார், போனைத் தூக்கிப் பிடித்தார், திரும்பி வந்தார், தன் போனிலிருந்து பாஸ்வேர்டை அழித்தார். "படியிலயே பாதி போயிருதுங். கேட்டத் தாண்டறதில்ல. காங்கிரீட் செவுரு, இது பழைய பொட்டி. தெருவுல நின்னு யாரும் உங்க நெட்ட எடுக்க முடியாது, பயப்படாதீங்க."

பயப்படாதீங்க என்கிறார். கேட்டைத் தாண்டாது என்றால் அவன் கேட்டுக்கு வெளியே நிற்கவில்லை. கேட்டுக்கு உள்ளே வந்திருக்கிறான். நான் ஜன்னலில் நின்று மரத்தடியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவன் எனக்குக் கீழே இருந்திருக்கிறான். மாடிப்படிக்கு அடியில் வீட்டுக்காரர் பழைய டிரம் போட்டிருக்கிற இடம், அங்கே ஒரு ஆள் குந்த முடியும். ஆனால் கேட்டை நான் பூட்டினேனே. புதன் பூட்டினேன். வியாழன் பூட்டினேன். பூட்டை இழுத்துப் பார்த்தேன். குழந்தையை உள்ளே தள்ளிவிட்டு நானேதான் சாவியைச் சுற்றினேன். அப்படியென்றால் நான் பூட்டும்போதே உள்ளே இருந்தானா? பாதிப் படி. பாதிப் படி என்றால் கதவிலிருந்து எட்டு அடி. அவன் மூச்சுக்கு நெஞ்சில் ஒரு சின்ன விசில் சத்தம் இருக்கும், வீசிங், கதவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தால் எனக்குக் கேட்டிருக்குமே. கேட்டிருக்கும். எனக்குக் கேட்காமல் போகாது. மயில்சாமி அட்டைப்பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார், தெர்மகோல் கிறீச்சிட்டது.

வேன் ஹாரன். ஓடினேன். படிக்கு அடியில் பார்த்தேன், டிரம், வாளி, காய்ந்த துடைப்பம், யாரும் இல்லை. நித்திலா இறங்கினாள், சாக்ஸ் ஒன்று கீழே சரிந்திருந்தது, தோளில் பை, மார்போடு கலர் டப்பா. கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். "ஏம்மா தெனமும் இழுக்கறீங்க, வலிக்குது." கேட்டைப் பூட்டினேன். பூட்டை இழுத்துப் பார்த்தேன். படியில் யாரும் இல்லை. கதவைச் சாத்தித் தாழ் போட்டேன், மேல் தாழ் போட்டேன். அவள் ஷூவைக் கழற்றிக்கொண்டே மயில்சாமியை ஒரு பார்வை பார்த்தாள். "பால் சுட வெக்கறேன் கண்ணு, மூஞ்சி கழுவிட்டு வா." சரிம்மா என்று பாத்ரூமுக்குப் போனாள். நான் ஜன்னலுக்குப் போனேன், கால் தானாகப் போகிறது. தையல் கடை, பழைய வேன், நாய். போனைத் திறந்தேன். நான்கு பேர். நாய் எழுந்து சோம்பல் முறித்துத் திரும்பப் படுத்தது. கேட் பூட்டியிருந்தது, இங்கிருந்தே பூட்டு தெரிகிறது. படி காலியாக இருக்கிறது, பார்த்துவிட்டுத்தான் வந்தேன். மூன்று ஐம்பத்தேழு. ஐந்தாவது வரி வந்தது. பூபதி போன். பக்கத்தில் சிக்னல் எவ்வளவு என்று காட்டுகிற கோடு, வழக்கமாக நான் அதைக் கவனித்ததில்லை, முழுதாக இருந்தது. என் போனுக்கு இருக்கிற அளவு. வீட்டுக்குள், ரூட்டருக்குப் பக்கத்தில் நிற்கிற அளவு.

கலர் டப்பா சாப்பாட்டு மேசைமேல் இல்லை. ஷூ பக்கத்தில் பை கிடந்தது, பைமேலும் இல்லை. முகம் கழுவப் போகிற பிள்ளை கலர் பென்சிலை எதற்கு எடுத்துக்கொண்டு போகும்? உள்ளே குழாய் திறந்திருந்தது. வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம், நிரம்பி வழிகிற சத்தம். பாத்ரூம் கதவுக்கு என் காலடி கேட்காமல் எப்படிப் போவது என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஒன்பது வருடம் பழகிய நடை அது. கதவில் காதை வைத்தேன். தண்ணீர்ச் சத்தத்துக்குக் கீழே, ரகசியமாக, என் குழந்தையின் குரல்.

"ஜன்னல்கிட்டதான்ப்பா நிக்கறாங்க. இன்னைக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "ஒரு மாமா வந்திருக்காங்க. இல்ல, கேஸ் போடற குமரேசன் மாமா இல்ல, வேற." இன்னும் கொஞ்சம் நிறுத்தி, "குடுத்தாங்க. தண்ணி குடுத்தாங்க, டம்ளர் மேசைமேல இருக்குது. பேரு தெரியலப்பா. கேட்டுச் சொல்லட்டா?"

டிராயரில் கிடந்த அந்த மூலை உடைந்த போன், டப்பாவின் அடித்தட்டில் இந்த வீட்டுக்குள் வந்திருக்கிறது. கதவைத் தட்டலாம். உடைக்கலாம். அவளை வாரி அணைத்துக்கொண்டு அழலாம், எனக்கு அழுகைதான் வந்தது, வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். ஃப்ரிட்ஜ் மேல் நான்காவது விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கிறது, ஒயரை ஒரு இழுப்பு இழுத்தால் போதும், அவன் குரல் அந்த வினாடியே அறுந்துவிடும். அறுந்தால் அவனுக்குத் தெரியும். அறுந்தால் அவளுக்கும் தெரியும், அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்று, அப்புறம் அடுத்த சனிக்கிழமை அந்த அறையில் அவன் அவளிடம் என்ன சொல்லிக்கொடுப்பான், நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். மயில்சாமி திரும்பிப் பார்த்து, "அம்மிணி, பழசக் கழட்டீரட்டுங்ளா?" என்றார். நான் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவர் புரியாமல் பார்த்தார், நான் மறுபடி ஆட்டினேன். அப்புறம் வந்த சுவடு தெரியாமல் ஜன்னலுக்குத் திரும்பிப் போய், அவள் சொன்ன இடத்திலேயே, அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பிள்ளை அவனிடம் பொய் சொன்னவளாகிவிடக் கூடாது. பொய் சொன்னால் அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும்.

குழாய் நின்றது. கையிலிருந்த போனில் ஐந்தாவது வரி மறைந்தது. மணி நான்கு மூன்று. நித்திலா ஈர முகத்தோடு, டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள், நானும் சிரித்தேன். நேரே மயில்சாமியிடம் போய் நின்றாள்.

"மாமா, உங்க பேரு என்ன?"

"பாருங் அம்மிணி, எத்தனை சூட்டிகையான புள்ள" என்று அவர் அவள் கன்னத்தைக் கிள்ளினார். "மயில்சாமி கண்ணு. மயில்சாமி."

"மயில்சாமி" என்று அவள் ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள், நாளைக்கு வகுப்பில் ஒப்பிக்க வேண்டிய பாட்டைப் போல. பிறகு என் பக்கம் திரும்பி, பால் ஆறிவிட்டதா என்று கேட்டாள்.